ஒப்பேற்றியதைச் சொல்லிவிடுங்கள்



இந்த வாரம் என் காரைப் பற்றி எழுதுகிறேன். ஆலய வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்கும் அந்த வெள்ளை அம்பாசிடரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதன் மேல் படிந்த தூசியில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் விரலால் தங்கள் பெயரை எழுதாத வாரமில்லை. அதை விற்றுவிடத் தீர்மானித்திருக்கிறேன். விற்பதற்கு முன், அந்த வண்டியை முன்னிட்டு நான் செய்த ஒரு தவற்றை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பாதிக்கப்பட்ட குடும்பத்தாரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் நடந்ததில் பாதியை மட்டுமே நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அந்தப் பாதியில் நான் நல்லவனாகவே தெரிகிறேன்.

வண்டி 1977ஆம் ஆண்டு மாடல், மார்க் 3. குன்னூரில் ஊழியம் செய்த நாட்களில், தேயிலைத் தோட்டமொன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினேன். மலையில் ஓடிய வண்டியாதலால் அதில் யாரோ ஹீட்டர் பொருத்தியிருந்தார்கள். சென்னையிலேயே வாழ்ந்தவர்களுக்குக் காரில் ஹீட்டர் என்பது வேடிக்கையாகத் தோன்றும். அது செயற்படும் விதம் எளிமையானது. எஞ்சினைக் குளிர்விக்க அதனுள் ஓடும் தண்ணீர் சூடாகிறது அல்லவா? அந்தச் சுடுநீரில் ஒரு பங்கை ஒரு குழாய் வழியாக டேஷ்போர்டுக்குக் கீழே கொண்டுவந்து, சிறிய ரேடியேட்டர் ஒன்றினூடே ஓடவிட்டு, அதன் மேல் விசிறியால் காற்றை அடித்தால் கால்மாட்டில் இதமான சூடு பரவும். சூடு வேண்டாதபோது தண்ணீரை நிறுத்த ஒரு வால்வு உண்டு. என் வண்டியில் அது சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்தில் இருந்தது. கைக்குள் அடங்கும் பொருள்தான்.

அந்த வால்வு கடந்த ஆண்டு அக்டோபரில் கசியத் தொடங்கியது. முதலில் சொட்டுச் சொட்டாக; பிறகு, லஸ் முனையிலிருந்து தி. நகர் போய்வருவதற்குள் ரேடியேட்டரில் அரை லிட்டர் தண்ணீர் குறையும் அளவுக்கு. நாற்பத்தேழு ஆண்டுப் பழைய வால்வு. உள்ளிருந்த ரப்பர் நைந்திருந்தது. ஜி.பி. ரோட்டில் நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். ஒருவரிடமும் இல்லை. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. நின்றபோதும் பிரேக், கிளச், பேரிங் போன்றவை கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. இந்த ஹீட்டர் வால்வோ, வண்டி தாராளமாகக் கிடைத்த காலத்திலேயே தென்னாட்டுக் கடைகளில் அரிதான பொருள்.

இவ்விடத்தில் ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். மாற்றுப் பாகம் போட்டு ஒப்பேற்றுவதை நான் இழிவாகக் கருதுபவனல்லன். பழைய கார்களைப் போற்றும் நண்பர்கள் சிலர், ஒரு திருகாணி மாறினாலும் வண்டியின் கற்பே போய்விட்டதைப்போலப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் ஊர் ஒப்பேற்றி வாழ்ந்த ஊர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, இம்மாகாணத்துப் பேருந்துகள் பின்புறம் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு கரிவாயுவில் ஓடின. நாடு விடுதலை பெற்ற பிறகும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. புதிய காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம் சபையில் உண்டு. சென்னைக்கென்றே ஒரு கார் இருந்ததை அவர்கள் நினைவுகூர்வார்கள். வண்டலூர்ப் பக்கத்தில், பெருங்களத்தூர் அருகே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் அது. இங்கிலாந்தில் பிறந்த வடிவம்தான். ஆனால் அங்கே ஒருபோதும் செய்யாத நான்கு கதவு ஹெரால்டை இங்கே செய்தார்கள். 1980களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலை ஓய்ந்தபின், ஹெரால்டு வைத்திருந்தவர்கள் எந்தெந்த வண்டியின் பாகங்களையோ கடைந்து, தேய்த்து, பொருத்தி ஓட்டினார்கள். புதுப்பேட்டையின் சந்துகளும் லேத் பட்டறைகளும் அப்படி வளர்ந்தவைதாம். எறியப்படவேண்டிய ஒன்றை இன்னும் பத்தாண்டு உழைக்கச் செய்யும் கை, மதிப்புக்குரிய கை. இல்லாமையிலிருந்து பிறந்த திறமை அது.

ஆகவே, வால்வு கிடைக்காதபோது வேறொன்றைப் போட நினைத்ததில் தவறில்லை. மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர், பழைய வால்வு இருந்த இடத்துக்கு ஓர் இரும்புத் தகட்டை வெட்டி, நடுவே நிப்பிள் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். நல்ல வேலை, இன்றுவரை ஒரு சொட்டுக் கசிந்ததில்லை. அந்த நிப்பிளிலிருந்து ஹீட்டருக்குச் செல்லும் ஹோஸின் நடுவே, வீட்டுக் குழாய்களில் போடும் பந்து வால்வு ஒன்றை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதை வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பித்தளையில் ஒன்று, 450 ரூபாய். மஞ்சள் வெளுப்பான பிளாஸ்டிக்கில் ஒன்று, 160 ரூபாய். கடைப் பையன், "இது வெந்நீருக்கே போடுறது சார், கீசர் லைனுக்கு" என்றான். அவன் சொன்னது பொய்யல்ல. சி.பி.வி.சி. என்னும் அந்தப் பிளாஸ்டிக், குளியலறை வெந்நீரை ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆனால் கீசரின் தண்ணீர் அறுபது எழுபது டிகிரி. எஞ்சினின் தண்ணீர் எண்பத்தைந்துக்கு மேல், நெரிசலில் இன்னும் மேலே போகும். அந்தப் பிளாஸ்டிக்கின் எல்லையே ஏறத்தாழ 93 டிகிரிதான். சுவரோடு அசையாமல் கிடக்கும் குழாய்க்கு உண்டான பொருளை, எந்நேரமும் அதிரும் எஞ்சின்மேல், இறுக்கிய கிளிப்புகளுக்கு நடுவே தொங்கவிடுவதும் வேறு கதை.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஓரளவுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பொருத்தும்போதே, 'கோடைக்கு முன் பித்தளைக்கு மாற்றிவிடவேண்டும்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பு வந்ததே எனக்கு எதிரான சாட்சி. 290 ரூபாயை மிச்சப்படுத்தினேன். நவம்பர் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று, வண்டி நன்றாகவே ஓடியது. கசிவு நின்றதால் கவலையும் நின்றது.

மார்ச் மாதம், லெந்து நாட்களின் நடுவே ஒரு செவ்வாய்க்கிழமை. நம் சபையின் மூத்த தாயார் ஒருவருக்குக் கண் அறுவை முடிந்து, கட்டுப் பிரிக்க அடையாறுக்குச் செல்லவேண்டியிருந்தது. நான் வேறொரு அடக்க ஆராதனையில் இருந்தேன். ஆராதனையில் கீபோர்டு வாசிக்கும் நம் தம்பியிடம் சாவியைக் கொடுத்து அனுப்பினேன். "கியர் கொஞ்சம் முரடு, இரண்டாவதுக்கு மாற்றும்போது பார்த்து" என்று சொன்னேன். "ஹாரன் சில நேரம் ஒலிக்காது" என்றுகூடச் சொன்னேன். வால்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வரும்போது, திரு.வி.க. பாலத்துக்குச் சற்று முன்பு, நெரிசலில் அந்தப் பிளாஸ்டிக் பிளந்தது. தண்ணீர் பெரும்பகுதி வெளியேறியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: பழைய வண்டியின் வெப்பமானி, தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போதுதான் உண்மையைச் சொல்லும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் சமர்த்தாக நடுவில் நிற்கக்கூடும். தம்பி முள்ளைத்தான் நம்பினார். நம்பாதிருக்க அவருக்குக் காரணம் எதையும் நான் கொடுத்திருக்கவில்லை. பானெட்டிலிருந்து ஆவி வரக் கண்டு ஓரமாக நிறுத்தி, எவரும் செய்வதைப்போலவே, தண்ணீர் ஊற்றுவதற்காக ரேடியேட்டர் மூடியைத் துணிவைத்துத் திறந்தார்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல. உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வில் ஒன்று அதில் இருக்கிறது. அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலை உயரும். மலைமேல் இதற்கு நேர்மாறு: காற்றழுத்தம் குறைவான உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் தயவால், நூறு டிகிரியைத் தாண்டிய தண்ணீரும் கொதிக்காமல் உள்ளே அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விட, அதில் ஒரு பங்கு அப்படியே ஆவியாக மாறும். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. தம்பியின் வலது முன்கை, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோனது.

அங்கே கூடியவர்கள் நல்லவர்கள். ஒருவர் பெட்டிக்கடையிலிருந்து பற்பசை வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். இன்னொருவர் பேனா மை தடவச் சொன்னார். பின் இருக்கையில் இருந்த நம் தாயார், அன்று காலைதான் ஒரு கண்ணில் கட்டுப் பிரித்தவர், நாற்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவர், இறங்கிவந்து இரண்டையும் தடுத்தார். ஆட்டோக்காரர் ஒருவரை அனுப்பி இரண்டு கேன் தண்ணீர் வாங்கிவரச் செய்து, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம், ஐஸ் போடாத சாதாரணத் தண்ணீரைக் கையின்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் மருத்துவமனை. வடு பெரிதாக விழாததற்கு அந்த இருபது நிமிடமே காரணம் என்றார் மருத்துவர். உங்கள் வீட்டு அடுப்படிக்கும் இது பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்: பற்பசை வேண்டாம், மை வேண்டாம், மாவு வேண்டாம். ஓடும் தண்ணீர், இருபது நிமிடம்.

குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, உயிர்த்தெழுந்த ஞாயிறு ஆகிய மூன்று நாட்களும் கீபோர்டு மூடிக்கிடந்ததையும், நாம் வாத்தியமில்லாமல் பாடியதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். "பாஸ்டர் ஐயாவின் பழைய வண்டி வழியில் கெட்டுப்போய், பாவம், தம்பிக்குக் கையில் பட்டுவிட்டது" என்பதுதான் உங்களிடையே பேசப்பட்ட செய்தி. பழைய வண்டி என்றால் கெடத்தானே செய்யும் என்று நீங்கள் எனக்கு ஆறுதல்கூடச் சொன்னீர்கள். அந்த ஆறுதலை நான் ஏற்றுக்கொண்டேன். அதுதான் இரண்டாவது தவறு. வண்டியின் பழமையால் அவர் கை வேகவில்லை. தகாத பொருளை நான் போட்டதும், போட்டதைச் சொல்லாததும்தான் காரணம். மருத்துவமனைச் செலவை நான் ஏற்றதையும் சிலர் பாராட்டினீர்கள். பாராட்ட அதில் ஒன்றுமில்லை.

தம்பியின் தாயார் மட்டும், நான் பார்க்கப்போனபோது, கோபமில்லாமல் ஒன்று சொன்னார்: "ஐயா, சாவி குடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அவன் பார்த்து ஓட்டியிருப்பான்." வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். அவர் வால்வைப் போட்டதைக் குறைசொல்லவில்லை. ஏழைக் குடும்பம், ஒப்பேற்றி வாழ்வது என்னவென்று என்னைவிட நன்றாக அறிந்தவர். அவர் கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

மதுரை அரசரடியில் இறையியல் பயின்ற நாட்களில், பழைய ஏற்பாட்டின் சட்டப் பகுதிகள் எனக்குச் சலிப்பூட்டின. மாடு முட்டினால் என்ன, குழி தோண்டினால் என்ன என்று போகும் அந்த அதிகாரங்களைத் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்தேன். அன்று இரவு அவற்றைத்தான் எடுத்து வாசித்தேன். யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் வருகிறது. முதல் முறையாக முட்டிய மாடென்றால் மாட்டுக்குத்தான் தண்டனை, உடைமையாளன் குற்றமற்றவன். ஆனால் அது முட்டும் மாடு என்று முன்பே அவனுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தும் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், தீர்ப்பு முற்றிலும் வேறு. அவனுக்குத் தெரிந்திருந்ததா என்பதே அங்கே கேள்வி. உபாகமம் 22ஆம் அதிகாரமோ, புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்கிறது. வீட்டுக்காரனுக்குத் தன் மாடியின் விளிம்பு தெரியும்; இருட்டிலும் நிதானித்து நடப்பான். சுவர், விளிம்பு எங்கே என்று தெரியாமல் மேலே வருகிற விருந்தாளிக்காக. என் வண்டியின் விளிம்பு எனக்குத் தெரியும். அதனால்தான் நான் ஓட்டும்போது அடிக்கடி பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டேன். சாவியைக் கைமாற்றியபோது அந்த எச்சரிக்கையைக் கைமாற்றவில்லை.

அதன் பின்னர் வண்டியைப் புதுப்பேட்டையில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எல்லோருக்கும் அவர் பாய். அவருக்கு நான் ஃபாதர். நான் கத்தோலிக்கக் குருவல்லன் என்று இரண்டுமுறை விளக்கிப் பார்த்து விட்டுவிட்டேன். பிளந்த பிளாஸ்டிக்கைக் கையில் வாங்கிப் பார்த்து, "யார் ஃபாதர் இதைப் போட்டது?" என்றார். நான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மெட்ராஸ்ல ஹீட்டர் எதுக்கு? தகடு போட்டு மூடிடலாமே" என்றார். முறையான வழி அதுதான். ஹெட்டில் உள்ள துளைக்கு ஒரு மூடித் தகடும், தண்ணீர் திரும்பிவரும் குழாய்க்கு ஓர் அடைப்பும் போட்டால் கசிய இடமே இராது. சமவெளியில் ஓடும் பெரும்பாலான அம்பாசிடர்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை குன்னூர் போவோம் என்றேன். உண்மையில், அந்த மலைநாட்களின் நினைவாக ஹீட்டரை விட மனமில்லை. அவர் அதை ஒத்துக்கொண்டார். அதோடு நான் அறியாத ஒன்றையும் சொன்னார். நெரிசலில் எஞ்சின் சூடேறும்போது ஹீட்டரை முழுதாகத் திறந்து, அதன் விசிறியையும் போட்டுவிட்டால், அது இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்து எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் இறக்கும். உட்கார்ந்திருப்பவர்கள்தான் வேர்த்துப்போவார்கள். அன்று பாலத்தருகே ஹீட்டரை மூடியே வைத்திருந்த வண்டியில், வால்வுமட்டும் முழு அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டு தனியாகத் தொங்கியிருக்கிறது.

அவரும் ஒப்பேற்றினார் என்பதைக் கவனியுங்கள். அவர் போட்டதும் அந்த வண்டிக்கென்று செய்த பொருளல்ல. பித்தளைப் பந்து வால்வுதான். ஆனால் அது எந்தச் சூட்டைத் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். வால்வு ஹோஸில் தொங்காமல் இருக்க, தடுப்புத் தகட்டோடு ஒரு பட்டையால் பிணைத்தார். பழைய ஹோஸைத் தூக்கியெறிந்து, சுடுநீருக்கான புதிய ஹோஸைப் போட்டார். எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, கிளிப்புகளை மறுபடி இறுக்கினார். சூட்டில் ரப்பர் அமுங்கிக்கொடுக்குமாம். கடைசியில், நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். சிவப்புப் பெயின்டை எடுத்து, பானெட்டின் உட்புறத்தில், 'ஹீட்டர் வால்வு மாற்று – பித்தளை அரை இஞ்ச் – ஆறு மாசத்துக்கு ஒருமுறை பார்' என்று எழுதி, தேதியும் போட்டார். "எனக்கு அப்புறம் கைவைக்கிறவன் தடுமாறக் கூடாதில்ல, ஃபாதர்" என்றார். நான் ஒரு தலைமுறையாகப் பிரசங்க பீடத்தில் நின்று பேசுகிறவன். அந்தச் சிவப்பு எழுத்துகளுக்கு முன் எனக்குப் பேச்சு வரவில்லை.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன்: எதை ஒப்பேற்றலாம், எதைக் கூடாது? பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் பெட்ரோல் லைனிலும் கூடவே கூடாது என்றார். பார்வைக்கு ஒரேமாதிரி இருக்கும் கறுப்பு ரப்பர்க் குழாயை உதாரணமாகக் காட்டினார். ரேடியேட்டர் ஹோஸ்களில் பெரும்பாலும் வரும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் சுடுநீரை நன்றாகத் தாங்கும். அதையே பெட்ரோலுக்குப் போட்டால் ஊறி, உப்பி, நைந்துவிடும். பிறகு சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டும். பிரேக் எண்ணெய் குறைகிறதென்று வேறு எண்ணெயை ஊற்றினாலும் இதே கதை: உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெட்டுவிடும், நிற்கவேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. கசிகிற ஹீட்டர் வால்வுக்காகப் பயணத்தை நிறுத்திக்கொள்ளலாம். கெட்ட பிரேக் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

காரில்லாதவர்கள் இதைத் தங்களுக்கல்ல என்று விட்டுவிடவேண்டாம். ஃப்யூஸ் கட்டையில் ஃப்யூஸ் கம்பிக்குப் பதில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவைத்துவிட்டு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? ஐந்து ஆண்டில் மாற்றவேண்டிய கேஸ் அடுப்புக் குழாயைப் பத்தாண்டாக மாற்றாமல், 'இப்படித் திருகினால் வாசனை வராது' என்னும் இரகசியத்தோடு அடுப்பை நடத்துகிறீர்களா? அந்த இரகசியம் உங்கள் மருமகளுக்குத் தெரியுமா, வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தெரியுமா? நம் ஆலயத்தின் ஜெனரேட்டர் அறையிலும் இப்படி இரண்டு மூன்று இருக்கின்றன. அவற்றை எழுதி, கதவின் உட்புறத்தில் ஒட்டச் சொல்லி குழுவினரைக் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் உடனே மாற்றப் பணமில்லை என்கிறார்கள், உண்மைதான். எழுதுவதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

இனி விற்பனைக்கு வருகிறேன். தி. நகரைச் சேர்ந்த தரகர் ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டு, இரண்டு யோசனை சொன்னார். முதலாவது, 2027வரை பொறுங்கள் என்பது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவு செய்யும் விதிகள் 2021இல் வந்திருக்கின்றன. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்கவேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. அப்படிப் பதிவானால் விலை கூடும் என்பது அவர் கணக்கு. ஆனால் அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட அனுமதியில்லை. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் மட்டுமே. ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போகாத அம்பாசிடரை என்னால் கற்பனை செய்ய இயலவில்லை. இரண்டாவது யோசனை, பானெட்டின் உட்புறத்தில் உள்ள சிவப்பு எழுத்துகளைப் பற்றியது. "அதை முதல்ல அழிச்சிடுங்க சார். ஓடுற வண்டி. வாயைத் திறந்தீங்கன்னா பத்தாயிரம் குறைப்பாங்க."

குறைக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதில் வீரம் ஒன்றுமில்லை. ஒருமுறை 290 ரூபாய் மிச்சம் பிடித்துப் பார்த்தவன் நான். அழிப்பதற்குப் பதிலாக, வீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். ஹீட்டர் வால்வு மாற்று. இடது பின்கதவின் பூட்டு வேறொரு வண்டியினுடையது. பெட்ரோல் அளவுகாட்டி கால் டாங்க் கூட்டிக் காட்டும். தெர்மோஸ்டாட் இருக்கிறது, சென்னைச் சூட்டுக்கு அதைக் கழற்றிவிடலாமென்று சொல்லும் மெக்கானிக்குகளுக்குச் செவிகொடுக்கவேண்டாம், எஞ்சின் தன் அளவான சூட்டை அடையாமல் ஓடினால் சீக்கிரம் தேயும். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அரைமணி நேரம் ஆறவிடுங்கள். இந்தக் கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்.

எழுதிய தாளை முதலில் தம்பியிடம்தான் காட்டினேன். முழுவதையும் படித்துவிட்டு, "ஹாரனை விட்டுட்டீங்க ஐயா" என்றார். சேர்த்துக்கொண்டேன். வாங்க வருகிறவர் குன்னூர்ப் பக்கத்துக்காரர். ஹீட்டர் இருக்கிறதென்று கேட்டதும் மகிழ்ந்துபோனார். தாளின் படத்தை அவருக்கு அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. வருகிற சனிக்கிழமை காலை அவர் நேரில் வருவதாக இருக்கிறார். பாலத்தின் மேல் ஒருமுறை போய்வந்து, வண்டியை ஓட்டிக்காட்டும் பொறுப்பைத் தம்பி தானே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.